போன் ஸ்லோ இல்லங்க, பேட்டரிதான் செத்துப்போச்சு

2020 டிசம்பர்ல வாங்குன ஆண்ட்ராய்டு போன், 4000 எம்ஏஎச் பேட்டரி, இன்னும் அதேதான் கைல இருக்கு. முதல் ரெண்டு வருஷம் ராத்திரி வரைக்கும் கவலையே இல்ல. மூணாவது வருஷம் பவர்பேங்க் இல்லாம வெளிய போக முடியல, ஆப் ஓப்பன் ஆகவும் லேட்டாச்சு, சரி போகட்டும்னு விட்டேன்.

போன வருஷம் மே மாசம், கிண்டி ஸ்டேஷன் பக்கத்துல டீ குடிச்சிட்டு ஜிபே பண்ண ஸ்கேனர ஓப்பன் பண்றேன், 31 பர்சென்ட் இருக்கு, கேமரா வந்த உடனே ஸ்க்ரீன் கருப்பாயிடுச்சு. ஆன் பண்ணா லோகோ வருது, அணையுது, திரும்ப வருது, அணையுது. கடைக்கார அண்ணன் "நாளைக்கு குடு தம்பி"ன்னு விட்டுட்டாரு. ஆபீஸ் போயி சார்ஜர்ல சொருகுனதும் ஆன் ஆகி 29 காட்டுது!

அப்போ சார்ஜ் உள்ளதான் இருந்திருக்கு, வெளிய குடுக்கத்தான் பேட்டரிக்கு தெம்பில்ல. பழசாக ஆக கெப்பாசிட்டி மட்டும் குறையாது, இன்டர்னல் ரெசிஸ்டன்ஸும், அதாவது உள்ளுக்குள்ள கரண்ட் ஓட்டத்த தடுக்குற தன்மையும் ஏறும், கேமரா மாதிரி எதாவது திடீர்னு கரண்ட் இழுத்தா வோல்டேஜ் சர்ருனு இறங்கி போன் ஆஃப் ஆயிடும். ஆப்பிள் 2017ல பழைய பேட்டரி இருக்குற ஐபோன்கள ஸ்லோ பண்ணதுக்கும் இதான் காரணம், இப்படி திடீர்னு அணையக்கூடாதுன்னு, ஆனா ஜனங்ககிட்ட தெளிவா சொல்லாம செஞ்சாங்க, அது ரொம்ப தப்பு. அப்புறம் மன்னிப்பு கேட்டு, அமெரிக்காவுல பேட்டரி மாத்துற சார்ஜ 79 டாலர்ல இருந்து 29க்கு இறக்குனாங்க, 2018ல ஐபோன் சாஃப்ட்வேர் ஐஓஎஸ் 11.3ல பேட்டரி ஹெல்த்னு காட்டவும் ஆரம்பிச்சாங்க.

என் போனுக்கு எமன் வெயில்தான்னு நினைக்கிறேன். கத்திரி வெயில்ல பைக் ஹேண்டில்ல மாட்டி, மேப்ப ஓடவிட்டு, சார்ஜும் போட்டுக்கிட்டே ஓஎம்ஆர் முழுக்க போயிருக்கேன், கழட்டும்போது கை வெக்க முடியாது. லித்தியம் பேட்டரிக்கு சூடு ஆகவே ஆகாது.

முதல்ல வீட்டுப் பக்கத்துக் கடைல 450 ரூபாய்க்கு பேரில்லாத பேட்டரி போட்டேன், நாலே மாசத்துல உப்பி பின்பக்க மூடி தூக்கிக்கிச்சு. அப்புறம் சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு ரிச்சி ஸ்ட்ரீட்ல விசாரிச்சு ஒரிஜினல் 1,800 ரூபாய்க்கு மாத்துனேன். அந்தப் பையன் சூடு காட்டி பசைய இளக்கி மூடிய மெதுவா நெம்பினான், உள்ள பேட்டரி தலகாணி மாதிரி உப்பி கிடக்கு, பாக்கவே பயமா இருந்துச்சு.

எட்டு மாசம் ஆச்சு, ஒருதடவ கூட தானா அணையல. ஆப் ஓப்பன் ஆக லேட்டாகுறது மட்டும் முழுசா போகல, அதுக்கு ஸ்டோரேஜ் நிறைஞ்சதுதான் காரணம், பேட்டரி மேல பழி போட முடியாது. புது போனுக்கு 15,000 எடுத்து வெக்கிறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு பேட்டரிய செக் பண்ணுங்க. ஆனா உப்பியிருந்தா அழுத்தி மூடப் பாக்காதீங்க, சார்ஜும் போடாதீங்க, தீப்பிடிக்கலாம்.

நேத்து அம்மா போன் பவுச்ச கழட்டிப் பாத்தேன், ஓரத்துல நகம் நுழையிற அளவுக்கு இடைவெளி. "நல்லாத்தானடா பேசுது"ன்னாங்க. ஆஃப் பண்ணி எடுத்து வெச்சிருக்கேன், சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போகணும்.