செயலியா, தாதியா? இரத்தப் புற்றுநோய் வந்த வீட்டுக்கு எது உதவும்

அம்மாவுக்கு சி.எம்.எல். என்ற நாட்பட்ட வகை இரத்தப் புற்றுநோய் இருப்பது தெரிந்தபோது, கிளினிக்குக்கு வெளியேயும் வழிகாட்ட ஒருவர் வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் பட்டது. யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பளை ஆஸ்பத்திரியில் டொக்டரோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். கனடாவில் இருக்கும் சித்தி ஒரு கைபேசிச் செயலியைச் சொன்னார். இன்னொரு வழி, ஓய்வுபெற்ற தாதி ஒருவர் வாரந்தோறும் வாட்ஸ்அப் அழைப்பில் பேசுவது. நாங்கள் தாதியைத் தேர்ந்தோம்.

செயலி முழுக்க ஆங்கிலம். அதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். (இரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் என்று காட்டும்) பரிசோதனை முடிவுகளை அழகாக வரிசைப்படுத்திக் காட்டும். குளிசை நேரத்துக்கு மணியும் அடிக்கும். ஆனால் மணிக்கு போனில் உள்ள அலாரமே போதும்.

எனக்குப் பெரிதாகப் பட்டது ஒன்றுதான்: நோயாளி சொல்லாமல் விடுவதை யார் கேட்டு எடுப்பார்கள்? அம்மாவுக்குத் தந்தது இமாட்டினிப். 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, இந்த நோயின் போக்கையே மாற்றிய மருந்து. ஆனால் நாள் தவறாமல் போட வேண்டும். அடிக்கடி விட்டால் நோய் திரும்பத் தலைதூக்கலாம், மருந்துக்கு மசியாமலும் போகலாம். உடம்பு நன்றாக இருப்பதுபோலத் தெரிவதால், விடுவதும் சுலபம். செயலி "போட்டீர்களா?" என்று கேட்கும், அம்மா "ஓம்" என்று அழுத்துவார். அதோடு சரி. தாதி கேட்டது இப்படி:

"அக்கா, குளிசை எப்ப போடுறனீங்கள்? சாப்பிட முன்னமோ, பிறகோ?"

"காலமை வெறுந் தேத்தண்ணியோட, தங்கச்சி."

"அப்ப வயித்தைப் பிரட்டுமே?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிரட்டுகிற நாட்களில் குளிசையைப் போடாமல் விட்டது பிறகுதான் வெளியே வந்தது.

தானாக எதையும் மாற்றச் சொல்லாமல், கிளினிக்கில் கேட்கச் சொன்னார் தாதி. அந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடித்தது. இப்போது மத்தியானச் சோற்றோடு, பெரிய கிளாஸ் நிறையத் தண்ணீர் குடித்துப் போடுகிறார். பிரட்டல் நன்றாகக் குறைந்துவிட்டது. கண்ணிமை வீக்கமும் கெண்டைக்கால் பிடிப்பும் இந்த மருந்தோடு வரக்கூடியவை, டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள் என்று தாதி விளக்கியதில் அம்மாவின் பயமும் தணிந்தது.

ஒன்று சொல்லவேண்டும். எங்கள் அனுபவம் வீட்டிலிருந்தே குளிசை போடும் நாட்பட்ட வகையோடு மட்டும். ஏ.எம்.எல்., ஏ.எல்.எல். போன்ற தீவிர வகைகளில் வார்டில் தங்கிக் கீமோ எடுக்கவேண்டி வரும். அங்கே என் தீர்ப்பு அப்படியே பொருந்தாமல் போகலாம். கீமோவால் வெள்ளணு குறைந்திருக்கும்போது காய்ச்சல் 38 பாகை, அதாவது 100.4 ஃபாரன்ஹீட், தொட்டாலே அவசரம்தான். செயலியின் பதிலுக்கோ தாதியின் அழைப்புக்கோ காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் இலங்கையில் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.