விளம்பரத்தில் இருந்த லாக்கர் வண்டியில் இல்லை: முதல் ஆஃப்ரோடு வாகனம் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதற்காக முதன்முறையாக வாகனம் வாங்க நினைப்பவர்கள், குறிப்பாக ‘எல்லாம் பொருத்தித் தயாராக இருக்கிறது’ என்று விற்கப்படும் பழைய வண்டிகளைப் பார்த்துவருபவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். எனக்கு விற்கப்பட்ட வண்டியின் விளம்பரத்தில் ஃபோர் வீல் டிரைவ், டிஃபரன்ஷியல் லாக்கர் (ஓர் ஆக்சிலின், அதாவது அச்சின், இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டும் அமைப்பு), லிஃப்ட் கிட் (வண்டியின் உடலை உயர்த்தும் பாகங்கள்), ஸ்நார்க்கல் (எஞ்சினுக்கான காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்), முன்னும் பின்னும் இழுவைக் கொக்கிகள், 31 அங்குல டயர்கள் ஆகியவை குறிப்பிடப்பட்டிருந்தன. அவற்றுள் சொன்னபடி இருந்தவை ஃபோர் வீல் டிரைவும் டயர்களும் மட்டுமே. விற்றவரின் பெயரை இங்கே தரவில்லை. இந்த முறையில் விற்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர்.

லாக்கரிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் புதிதாக வருபவரிடம் மிக எளிதாகச் சொல்லப்படும் பொய் அதுதான். விற்பனையாளர், எஞ்சின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லீவரை ஃபோர் லோ (நான்கு சக்கர இயக்கம், குறைந்த வேகம்) நிலைக்குத் தள்ளிக் காட்டி, “இப்போது நான்கு சக்கரமும் லாக் ஆகிவிட்டது” என்றார். தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர இயக்கத்துக்கு மாறும் பார்ட் டைம் வகை வண்டியில் அந்த லீவர் செய்யும் வேலை, முன் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்டையும் பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்டையும் ஒரே வேகத்தில் சுழலும்படி இணைப்பதும், லோ ரேஞ்ச் பற்சக்கரங்களின் வழியே வேகத்தைக் குறைத்து இழுவிசையைப் பெருக்குவதும்தான். ஒவ்வோர் ஆக்சிலின் நடுவிலும் இருக்கும் டிஃபரன்ஷியலை அது தொடுவதே இல்லை. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் உருள வேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல டிஃபரன்ஷியல் இடம் கொடுக்கிறது. லாக்கர் இல்லாத சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கத்துக்கும் ஏறத்தாழச் சமமான முறுக்குவிசையையே அனுப்பும் என்பதால், ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுழற்றப் போதுமான அற்ப விசைதான் தரையில் ஊன்றி நிற்கும் மறு சக்கரத்துக்கும் கிடைக்கும்.

முதல் பயணத்திலேயே இது தெரிந்துவிட்டது. முழங்கால் ஆழம்கூட இல்லாத ஒரு பள்ளத்தைச் சாய்வாகக் கடக்கும்போது, முன்பக்க இடது சக்கரமும் பின்பக்க வலது சக்கரமும் தரையை விட்டு எழுந்தன. வண்டி ஃபோர் லோவில்தான் இருந்தது. எழுந்த இரண்டு சக்கரங்களும் சும்மா சுழன்றன, ஊன்றிய இரண்டும் அசையவில்லை. பின் ஆக்சிலில் உண்மையாகவே லாக்கர் இருந்திருந்தால், இடது பின் சக்கரம் தள்ளி வண்டியை வெளியே கொண்டுவந்திருக்கும். பிறகு ஒரு மெக்கானிக் டிஃபரன்ஷியலைத் திறந்து பார்த்து, உள்ளே இருப்பது தொழிற்சாலையில் பொருத்திய சாதாரண அமைப்பு என்று எழுதிக் கொடுத்தார்.

லாக்கர் இல்லாத வண்டி கெட்ட வண்டி என்று இதற்குப் பொருளில்லை. சுசுகி ஜிம்னியில் லாக்கர் கிடையாது. சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தி, விசையை மறுபக்கம் திருப்பும் மின்னணு அமைப்பு இருக்கிறது, தொடக்கநிலையில் ஓட்டுபவருக்கு அது தாராளமாகப் போதும். ஜீப் ராங்லர் ரூபிகான் வகையில் முன், பின் இரண்டு ஆக்சில்களிலும் தொழிற்சாலையிலேயே லாக்கர் வருகிறது. இரண்டும் நேர்மையான வண்டிகளே. தம்மிடம் இருப்பதை இருப்பதாகச் சொல்கின்றன. என் வண்டியில் லாக்கரும் இல்லை, அந்த மின்னணு அமைப்பும் இல்லை, ஆனால் லாக்கருக்குரிய விலையும் சேர்த்து வாங்கப்பட்டது.

அன்று பள்ளத்திலிருந்து வெளியே இழுக்க முயன்றபோது நடந்தது இதைவிட மோசமானது. பின்பக்கம் பளிச்சென்ற சிவப்பு வண்ணத்தில் இருந்த கொக்கியில் பட்டையை மாட்டி, உடன் வந்தவர் தம் வண்டியால் மெதுவாக இழுத்தார். கொக்கி அப்படியே பம்பரின் தகட்டைக் கிழித்துக்கொண்டு பெயர்ந்து வந்தது. அது வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் பொருத்தப்படவே இல்லை. பம்பரின் மெல்லிய தகட்டில் இரண்டு போல்ட்டுகளால் முடுக்கப்பட்ட அலங்காரப் பொருள். மெதுவாக இழுத்ததால் அது காலடியில் விழுந்தது. நீளும் தன்மையுள்ள மீட்புப் பட்டையை மாட்டி வேகமாக இழுத்திருந்தால், அந்த இரும்புத் துண்டு தோட்டாவைப் போல் பாய்ந்து கண்ணாடியைத் துளைத்திருக்கும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் பட்டையைக் கட்டி இழுத்து, அது முறிந்து பறந்து உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. அதே ஆபத்துதான் இங்கும். புதிய வண்டிகளின் அடியில் இருக்கும் சில வளையங்களும்கூட, கப்பலிலோ லாரியிலோ ஏற்றும்போது கட்டிவைப்பதற்கு மட்டும் உரியவை, இழுப்பதற்கு உரியவை அல்ல. கொக்கி எதில் முடுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கீழே படுத்துப் பார்க்காமல் எந்த வண்டியையும் வாங்காதீர்கள்.

ஸ்நார்க்கல் விஷயத்தில் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. கண்ணாடியின் ஓரமாகக் கூரை வரை உயர்ந்து நின்ற அந்தக் குழாய், ஃபெண்டரின் மேல் திருகப்பட்டு அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குப் பின்னால் தகட்டில் துளைகூடப் போடவில்லை. எஞ்சின் வழக்கம்போல முகப்பு விளக்கின் பின்னாலிருந்தே காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. அதை நம்பி ஆழமான நீரில் இறங்குபவரின் எஞ்சினுக்குள் தண்ணீர் போனால், நீரை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினே பாழாகும். சரியாகப் பொருத்திய ஸ்நார்க்கல்கூட எஞ்சினின் மூச்சுக்குழாயை மட்டுமே உயர்த்துகிறது. டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ் ஆகியவற்றுக்குள் காற்று போய்வர உதவும் பிரீதர் குழாய்களையும் மேலே ஏற்றாவிட்டால் அவற்றின் ஆயிலில் தண்ணீர் கலக்கும். வாங்கும்போது டிஃபரன்ஷியல் ஆயிலைச் சிறிது எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெளுத்துக் குழம்பிய நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

லிஃப்ட் கிட் என்று காட்டப்பட்டது, பழைய ஸ்பிரிங்குகளின் மேல் வைத்த ஸ்பேசர் துண்டுகள். ஷாக் அப்சார்பர்கள் பழைய நீளத்திலேயே இருந்தன. ஷாஃப்டின் கோணம் மாறியதால் சாலையில் வேகம் கூடும்போது வண்டி அதிர்ந்தது. இந்த இடத்தில் விற்பவர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே திடமான அச்சு இணைக்கும் சாலிட் ஆக்சில் வண்டியில் தரைக்கு மிக அருகில் இருப்பது டிஃபரன்ஷியலின் உருண்டைப் பகுதி. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அது உயராது, டயரின் விட்டம் கூடினால்தான் உயரும். என் வண்டியின் பழைய டயருக்கு விட்டம் சுமார் 733 மி.மீ., புதியதற்குச் சுமார் 787 மி.மீ.; ஆக, அத்தனை ஆரவாரத்துக்கும் பிறகு கிரவுண்ட் கிளியரன்ஸ் கூடியது வெறும் 27 மி.மீ. வண்டியின் உடலை உயர்த்துவதால் மேட்டில் ஏறும் கோணமும் நடுவயிறு தட்டாமல் கடக்கும் கோணமும் மேம்படும் என்பது உண்மைதான், ஆனால் ஈர்ப்பு மையமும் உயர்ந்து சரிவில் கவிழும் வாய்ப்புக் கூடுகிறது. பெரிய டயரால் வேகமானியும் பொய் சொல்கிறது: முள் 60 காட்டும்போது உண்மை வேகம் 64.

விற்றவரிடம் இவற்றைக் கொண்டுபோனபோது கிடைத்த பதில், ‘கேட்ட பொருள்களெல்லாம் பொருத்தித் தரப்பட்டன’ என்பதே. ரசீதில் ‘கூடுதல் பாகங்கள்’ என்ற ஒரே வரி மட்டும் இருந்ததால் அவருக்கு அது வசதியாகப் போயிற்று. விளம்பரத்தின் படத்தைச் சேமித்து வைத்திருந்ததும் மெக்கானிக்கின் அறிக்கையும்தான் இப்போது நுகர்வோர் புகாருக்கு ஆதாரம். ஒவ்வொரு பாகத்தின் பெயர், தயாரிப்பாளர், எங்கே பொருத்தப்பட்டது என்பதை ரசீதில் தனித்தனியாக எழுதித் தர மறுப்பவரிடம் பேச்சைத் தொடர வேண்டாம். டயர் அளவையும் உயரத்தையும் மாற்றியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்திருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

சோதனைகள் கடினமானவை அல்ல. ஃபோர் வீல் டிரைவ் வேலை செய்கிறதா என்பதற்கு, சரளைத் தரையில் ஃபோர் ஹையில் (நான்கு சக்கர இயக்கம், வழக்கமான வேகம்) போட்டு ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி மெல்ல ஓட்டுங்கள்; முன் சக்கரங்கள் இழுத்துப் பிடிப்பது போன்ற இறுக்கம் தெரிந்தால் முன் ஷாஃப்ட் இணைந்திருக்கிறது. காய்ந்த தார்ச்சாலையில் இதைச் செய்தால் பாகங்கள் கெடும். லோ ரேஞ்சுக்கு, ஒரு சரிவில் ஃபோர் லோவில் முதல் கியரில் பிரேக்கைத் தொடாமல் இறங்கிப் பாருங்கள். வண்டி நடை வேகத்தில் ஊர வேண்டும். லாக்கருக்கு, பணிமனையில் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் ஆக்சிலை உறுதியான ஸ்டாண்டுகளில் ஏற்றி, டூ ஹையில் (பின் சக்கரங்கள் மட்டும் இயங்கும் நிலை) கியரில் நிறுத்தச் சொல்லுங்கள். சாதாரண நிலையில் ஒரு பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றும். லாக்கரை இயக்கிய பிறகு இரண்டுமே சுற்றாது. எனக்கு விற்றவர் இந்தச் சோதனைக்கு நேரமில்லை என்றார்.

புதியவருக்கு என் கணிப்பில் முதலில் வேண்டியவை: உண்மையான லோ ரேஞ்ச், சேஸிஸில் பொருத்திய இழுவைக் கொக்கிகள், நல்ல ஆல் டெரெயின் டயர்கள், காற்றைக் குறைத்து மீண்டும் நிரப்ப ஒரு சிறு கம்ப்ரஸர். மணலில் 18 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்றைக் குறைத்தாலே டயரின் தடம் நீண்டு, புதையாமல் மிதந்து போகும். இது தரும் பயனை எந்த விளக்குப்பட்டையும் தராது. லாக்கர், வின்ச் (வடத்தைச் சுருட்டி வண்டியை இழுக்கும் கருவி), ஸ்நார்க்கல் ஆகியவற்றை, ஓட்டிப் பழகி எங்கே திணறுகிறீர்கள் என்று தெரிந்த பிறகு, நீங்களே நின்று பொருத்திக்கொள்ளலாம்.