மூன்று கச்சானும் மூன்று மாரியும் கண்ட அக்குவாபோனிக்ஸ் தொகுதி

மீன்தாங்கித் தண்ணீரைச் செடித்தட்டுக்கு ஏற்றி மீனையும் கீரையையும் சேர்த்து வளர்ப்பதுதான் அக்குவாபோனிக்ஸ். மட்டக்களப்பு எழுவான்கரையில் வளவுக்குள் அதைப் போட நினைத்தால், தாங்கி தேடிப் போவதற்கு முன் ஒரு டிடிஎஸ் மீற்றர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை லீற்றருக்கு மில்லிகிராமில் காட்டுவது) வாங்குங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற இந்த மணல் கீற்றில், கல்லடியிலும் சரி களுவாஞ்சிகுடியிலும் சரி, நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாகத்தான் மிதக்கிறது. தை மாதம் நன்றாக இருக்கிற கிணறு ஆவணியில் கரிக்கும். மீற்றர் 500க்குக் கீழே காட்டினால் அப்படியே பாவிக்கலாம். 1000ஐத் தாண்டினால் மழைநீர் கலக்காமல் தொடங்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் 700 லீற்றர் தொகுதி ஒன்று நாளுக்குப் 15 லீற்றர் வரை குடிக்கும். மாதத்துக்கு 450 லீற்றர். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு தாங்கியிலேயே நிற்கும். 600 காட்டுகிற கிணற்று நீரால் அந்தக் குறையை நிரப்பினால் ஒரு மாதத்தில் 270 கிராம் உப்பு சேர்கிறது. மீற்றர் கிட்டத்தட்ட 385 ஏறும். தாங்கியில் வளர்க்கிற திலாப்பியா மீனுக்கு இது பொருட்டே இல்லை. போஞ்சியும் மிளகாயும்தான் முதலில் இலை விளிம்பு கருகி முறையிடும். கூரைப் பீலிக்குக் கீழே 200 லீற்றர் பரல் இரண்டு வைத்து, குறைகிற தண்ணீரில் பாதியையாவது மழைநீரால் நிரப்புவதுதான் வழி. தகரக் கூரையென்றால் முதல் மழையை ஓட விடுங்கள். நாகம் பூசிய தகரத்திலிருந்து கழுவி வருவது மீனுக்கு ஆகாது. குழாய்நீர் பாவிப்பவர்கள் திறந்த பரலில் இரண்டு நாள் வைத்து, குளோரின் போன பிறகு ஊற்றவும்.

அடுத்தது செடித்தட்டில் போடுகிற கல். முக்கால் அங்குலக் கருங்கல் சல்லி போதும். வாங்கு முன் இரண்டு கல்லில் வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல்; தண்ணீரின் பிஎச் (அமில கார அளவு) எட்டை விட்டு இறங்காது. சிப்பித்துண்டு கலந்த கடற்கரைக் கல்லும் முருகைக்கல்லும் இதனாலேயே தள்ளுபடி. உடைந்த கூரை ஓட்டை ஒரு அங்குலத் துண்டாக அடித்துப் போட்டால் பாரமும் குறைவு, நுண்துளையும் அதிகம். எங்கள் வாக்கு ஓட்டுக்குத்தான். ஓரம் மட்டும் கூர், நாற்று நடும்போது கையைப் பார்க்க வேண்டும்.

தாங்கி: கம்பிக்கூட்டுக்குள் வருகிற 1000 லீற்றர் வெள்ளைத் தாங்கி ஒன்று. முன்பு அதில் என்ன இருந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள், உணவுப் பொருள் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மேலிருந்து 35 செ.மீ. வெட்டியெடுத்துக் கவிழ்த்தால் அதுவே செடித்தட்டு. மிச்சம் மீன்தாங்கி, 700 லீற்றர் பிடிக்கும். தட்டில் 30 செ.மீ. உயரத்துக்குச் சல்லி போட்டால் அதுவே 480 கிலோ, தண்ணீரோடு 600ஐத் தொடும். மணல் நிலத்தில் நாலு செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தால் முதல் மாரியிலேயே ஒரு பக்கம் புதையும். சீமெந்துக் கல் தூண்களுக்கு அடியில் 4 அங்குலக் கொங்கிறீட் பலகை போட்டு, நீர்மட்டம் வைத்துப் பார்த்துத் தட்டை ஏற்றவும். வெள்ளைப் பிளாஸ்ரிக் வழியாக வெளிச்சம் போனால் தண்ணீர் பாசியாகிவிடும்; தாங்கியின் வெளிப்புறத்துக்கு முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை பூசுங்கள். கறுப்போடு மட்டும் விட்டால் பின்னேர வெயிலில் தண்ணீர் கொதிக்கும்.

இனி எல்லோரும் மண்டையைப் பிய்க்கிற பெல் சைபன், அதாவது தட்டு நிரம்பியதும் தண்ணீரைத் தானாக இழுத்து வடிக்கிற குழாய். 1 அங்குல நிற்குழாய், அதற்கு மேல் 3 அங்குல மூடிய குழாய், வேர் வராமல் 4 அங்குலத் துளைக்குழாய் என்பது அதன் அமைப்பு. தண்ணீர் மெதுவாக வந்தால் சைபன் பிடிக்காது, விளிம்பால் வழிந்துகொண்டே இருக்கும். வேகமாக வந்தால் பிடித்தது விடாது, தட்டு நிரம்பவே நிரம்பாது. இரண்டுக்கும் நடுவில் வால்வைத் திருகித் திருகிச் சரிசெய்து வைத்தாலும், மூன்று மாதத்தில் கங்குன் கீரையின் வேர் உள்ளே போய் எல்லாவற்றையும் குழப்பும். பார்க்க அழகான பொறிதான், ஆனால் சின்ன வளவுக்கு அது தேவையில்லை. நிற்குழாயை 25 செ.மீ. உயரத்தில் நிறுத்தி, அடியில் 6 மி.மீ. துளை மூன்று போடுங்கள். பம்பை 15 நிமிடப் பல்லுள்ள சாதாரண ரைமரில் மாட்டி, 15 நிமிடம் ஓட, 45 நிமிடம் நிற்க விடுங்கள். ஓடும்போது தட்டு நிரம்பி, மிஞ்சியது நிற்குழாயால் வழியும். நின்றபின் துளை வழியாக அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் வடியும். கரண்ட் போய் வந்தால் ரைமர் பிந்தும், அதனால் ஒரு நட்டமும் இல்லை.

இதில் மின்கட்டணமும் அடங்கும். 40 வாட் பம்ப் நாள் முழுக்க ஓடினால் மாதம் 29 அலகு. பட்டியல் அடுத்த படிக்கு ஏறப் போதும். ரைமரோடு 7 அலகு. காற்றுப் பம்ப் மட்டும் நிற்கவே கூடாது. 12 வோல்ட் பற்றரியில் தானாக மாறுகிற வகையைப் பாருங்கள். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, விடியப்புறம் இன்னும் குறைவு. மீன் மேலே வந்து வாய் திறந்து மூடினால் முதலில் காற்றுக் குழாயைப் பாருங்கள், பிறகுதான் மற்றதெல்லாம்.

மீன் விடுவதற்கு முன், மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைச் செடிக்கு உரமாக மாற்றுகிற பற்றீரியா கல்லில் பிடிக்க வேண்டும். யூரியா ஒரு தேக்கரண்டி, ஏறக்குறைய 4 கிராம், 700 லீற்றருக்கு. அது உடைந்து அமோனியா லீற்றருக்கு 2 மில்லிகிராமைச் சுற்றி நிற்கும். பழைய மீன்தொட்டி வடிகட்டியிலிருந்து ஒரு பிடி கல் போட்டால் வேலை விரைவுபடும். அமோனியா குறையும்போது நைத்திரைற்று ஏறும், அதுவும் இறங்கி நைத்திரேற்று தெரிந்தால் ஆயத்தம். நம் வெப்பத்தில் நாலு முதல் ஆறு கிழமை. காகிதப் பட்டியை நம்ப வேண்டாம், மாரி ஈரத்தில் பழுதாகும். துளி விடும் பரிசோதனைப் பெட்டி வாங்குங்கள். பிஎச் 7இல் அமோனியா பெரும்பாலும் தீங்கற்ற வடிவத்தில் இருக்கும். 8இல் நச்சு வடிவம் பத்து மடங்குக்குக் கிட்ட வரும். பிஎச் இறக்கத் தேசிக்காய் பிழிய வேண்டாம், அந்தப் புளிப்பு பற்றீரியாவையும் வதைக்கும். மழைநீர் கலப்பதே பாதுகாப்பு. உப்புக் கிணற்றுக்காரருக்கு ஒரு ஆறுதல்: தண்ணீரிலுள்ள குளோரைட்டு நைத்திரைற்று நஞ்சிலிருந்து மீனைக் காக்கும்.

குஞ்சு விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். அம்பாறைப் பக்கம் இங்கினியாகலையில் நெக்டாவின் (அரசின் நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை) மீன்குஞ்சு நிலையம் இருக்கிறது. முடிந்தால் ஆண் மீனாகவே எடுங்கள். இல்லாவிட்டால் தாய் மீன் வாய்க்குள் அடைகாத்து, சில மாதத்தில் தாங்கி குஞ்சால் நிரம்பி ஒன்றும் வளராது.

எத்தனை மீன் என்பதைத் தாங்கியின் அளவு தீர்மானிக்காது, தட்டின் பரப்பு தீர்மானிக்கும். கீரைக்கு ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீன். இந்தத் தட்டுக்கு 50 கிராமை ஒட்டிய அளவுதான். 25 மீன் தலா 150 கிராம் வரும்போதே அந்த எல்லை வந்துவிடும். அதற்குப் பிறகு பெரியதைப் பார்த்துப் பிடித்துச் சமையுங்கள், அல்லது இரண்டாவது தட்டுப் போடுங்கள். மிதக்கிற தீனை ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு, காலையும் பின்னேரமும். மிஞ்சிய சோற்றைக் கொட்டுகிற பழக்கம் வீட்டில் யாருக்கும் இருந்தால் அன்றே நிறுத்துங்கள்.

கங்குன், பொன்னாங்காணி, வல்லாரை மூன்றும் முதல் வருடத்திலேயே கைகொடுக்கும். தக்காளி, கத்தரி இரண்டாம் வருடத்துக்கு. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. 11 சதவீத டிடிபிஏ இரும்புத் தூள் 13 கிராமைக் கரைத்து மூன்று கிழமைக்கு ஒருமுறை விடவும். பிஎச் 7.5க்கு மேலென்றால் அது பலிக்காது, இடிடிஎச்ஏ வகை தேவை. தண்ணீர் சிவப்பாகும், பயப்பட வேண்டாம். அழுக்கணவன் வந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். வேப்பெண்ணெய்கூட தாங்கியில் சொட்டக் கூடாது. டெங்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் தாங்கியைப் பொலித்தீனால் மூடி, காற்றுப் பம்பை அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் நிறுத்தி, புகை கலைந்ததும் திறந்து போடுங்கள். அந்த மருந்து மீனை விடாது. தட்டில் நீர் கல்லுக்கு 5 செ.மீ. கீழே நிற்பதால் அங்கே நுளம்பு முட்டையிடாது, தாங்கியில் இட்டதை மீன் பார்த்துக்கொள்ளும்.

மாரியில் தலைகீழ்ச் சிக்கல். மழை நேரே விழுந்து பிஎச் 6.5க்குக் கீழே போனால் ஒரு பிடி மட்டி ஓட்டை வலைப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள், ஏறியதும் எடுங்கள். வழிகுழாய் 2 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, வாயில் வலை கட்டாயம். மேலே போடுகிற வலையை ஓரத்தோடு இழுத்துக் கட்டுங்கள். கொக்குக்கு மேல்பக்கம் மூடினால் போதும். கபரக்கொய்யா ஓரத்தைக் கிளப்பிக்கொண்டு வரும்.

ஆறேழு மாதத்தில் 250 கிராம் மீன் கிடைக்கும். வாவி மீன் தின்று பழகிய நாக்குக்குச் சேற்று வாடை தெரியாமல் இருக்க, பிடித்ததைச் சுத்தமான தண்ணீர்ப் பரலில் காற்றோடு இரண்டு நாள் தீன் போடாமல் விட்டுப் பிறகு வெட்டுங்கள்.