பழைய கோயில்காடா, புதிதாக நட்ட காடா?

புதுச்சேரிப் பக்கம் உலர் பசுமைமாறாக் காடு (மழை குறைந்த இடத்திலும் ஆண்டு முழுக்கப் பச்சையாய் நிற்கும் காடு) இன்று துண்டு துண்டாகத்தான் மிச்சம். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில்காடு அதில் ஒன்று. காயா மரம் பூத்தால் கிளையே தெரியாது, அத்தனை நீலம். மரமெல்லாம் தேனீ இரைச்சல். இந்தக் காடுகளின் வீரை மரத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. துண்டு சுருங்கி ஆண் மரங்கள் போய்விட்டால், பெண் மரம் பூத்தும் காய்க்காது.

நட்ட காட்டுக்கு ஆரோவில் உதாரணம். 1968இல் தொடங்கியபோது அது செம்மண் பொட்டல். முதலில் வேகமாய் வளரும் கத்திச்சவுக்கு, பிறகு நம் மண்ணின் மரங்கள் என்று நட்டார்கள். பரப்பு பெரிது, மண்ணரிப்பும் குறைந்தது. பூச்சியை மட்டும் யாரும் நட முடியாது. ஆலமரத்துக்கும் அரசமரத்துக்கும் மகரந்தம் சேர்க்கத் தனித்தனிக் குளவி. ஓரிரு நாள் ஆயுளில் அது பழைய மரத்திலிருந்து பறந்து வர வேண்டும்.

கையில் இருக்கும் காசு கன்றுக்கா, கோயில்காட்டு வேலிக்கா என்றால், நான் வேலிக்குத்தான் கொடுப்பேன்.