பழ மரம் பூக்கிறது, பூ மரம் காய்க்கிறது: பன்னிரண்டு வருட அனுபவம்

மச்சினன் நாகமலை புதுக்கோட்டையில் வீடு கட்டி முடித்துவிட்டான். காம்பவுண்டுக்குள் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம். "மச்சான், உங்க வீட்டுல ரெண்டும் இருக்குல்ல, மா வைக்கவா, கொன்றை வைக்கவா?" என்று போன வாரம் போனில் கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்குத்தான் எங்கள் வண்டிக் கொட்டகையின் தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். "அப்புறம் பேசுறேன் மாப்ள" என்று வைத்துவிட்டேன். பேசினால் கத்திவிடுவேன் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

2013 ஆவணியில் இரண்டையும் ஒரே நாளில் நட்டோம். திருப்பாலைப் பக்கம், ஐந்தரை சென்ட் இடம். மேலே செம்மண், மூன்றடி தோண்டினால் சுக்கான் பாறை. இடது மூலையில் இமாம்பசந்த் ஒட்டுக்கன்று, வலது மூலையில் வாசலை ஒட்டிச் சரக்கொன்றை. மாங்கன்று காசு கொடுத்து வாங்கியது. கொன்றை ஒரு கல்யாண வீட்டில் தாம்பூலப் பையோடு கொடுத்தது. அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "தலையில வைக்க முடியாத பூவுக்கு எதுக்குடா தண்ணி?" என்றாள். மதுரையில் பூ என்றால் முழம் போட்டு வாங்குவது, தொடுப்பது, வைப்பது. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே 2013தான். மரத்திலேயே நின்று மரத்தடியிலேயே உதிர்வதெல்லாம் அம்மா கணக்கில் பூவே இல்லை. சிவனுக்கு உகந்தது என்று எடுத்துச் சொன்ன பிறகு ஒரு செம்பு ஊற்றினாள்.

மாமரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒட்டுக்கன்று சின்னதிலேயே பூத்துவிடும். முதல் இரண்டு மூன்று வருடம் அந்தப் பூவைக் கிள்ளிப் போட வேண்டும், இல்லாவிட்டால் மரம் தேறாது என்றார்கள். கிள்ளினேன். 2017இல் நாலு பழம். இமாம்பசந்த் பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும், நாம் அமுக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அணிலுக்கு அமுக்கிப் பார்க்கும் அவசியமெல்லாம் கிடையாது. நாலில் ஒன்று அதற்குப் போனது. மிச்ச மூன்றை வீட்டில் ஐந்து பேர் சாப்பிட்டோம். தோல் காகிதம் மாதிரி, நார் என்ற பேச்சே இல்லை. அந்த ருசிக்காகத்தான் அடுத்த எட்டு வருடம் ஏமாந்தேன்.

2018இல் நாற்பது பழம். 2019இல் மூன்று. 2021இல் தொண்ணூறைத் தாண்டியது, தெருவுக்கே கொடுத்தோம். பிறகு இரண்டு வருடம் கையை விரித்துவிட்டது. பால் கணக்கு காலண்டரின் பின்பக்கத்தில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு வருடம் காய்த்தால் மறுவருடம் படுத்துக்கொள்ளும் ரகம் இது என்பதை விற்றவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் எதிர்த்த வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரியுமா? "இந்த வருசம் கண்ணுலயே காட்டலியே" என்று காயாத வருடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஒளித்து வைத்துத் தின்கிறேனாம்.

பூக்க மட்டும் அது சலித்ததே இல்லை. தை பிறந்தால் இலை தெரியாத அளவுக்குப் பூ, தெருமுனை வரை வாசம். ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும். அதில் பெரும்பாலானவை ஆண் பூ, அவற்றில் பிஞ்சு பிடிக்காது. மீதியிலும் கொத்துக்கு ஒன்றிரண்டு காயாக நின்றாலே பெரிது. அந்த நேரம் பார்த்துத் தத்துப்பூச்சி வரும். கிளையை அசைத்தால் பொரி கொட்டுவது போலச் சடசடவென்று கிளம்பும். பூவின் சாற்றை உறிஞ்சிவிட்டுத் தேன் போல ஒரு பிசுபிசுப்பைக் கீழே விடும். இலை, தரை, காயப்போட்ட துணி எல்லாம் ஒட்டும். அதன் மேல் கரும்பூசணம் படிந்து, பத்து நாளில் இலையெல்லாம் அடுப்புக் கரி பூசின மாதிரி ஆகிவிடும். வேப்பெண்ணெயில் சோப்புக் கரைத்து அடித்தோம். பூக்கும் முன்பே அடித்தால் கொஞ்சம் கேட்கிறது. உதிர்ந்த பிஞ்சுகளை அம்மா மாவடு போட்டுப் பார்த்தாள். அழகர்கோவில் பக்கமிருந்து வரும் வடு வருடக்கணக்கில் கெட்டியாக நிற்கும். இது ஒரு மாதத்தில் கொழகொழவென்று ஆனது. போர் தண்ணீரில் உப்பு அதிகம், அதனால் இலை நுனி கருகும். அதை விடுங்கள், எங்கள் முகமும் அந்தத் தண்ணீரில் அப்படித்தான் இருக்கிறது.

கொன்றை இப்படியெல்லாம் எதுவும் செய்யாது. மூன்றாம் வருடத்துக்குப் பிறகு அதற்குத் தண்ணீர் ஊற்றிய ஞாபகமே இல்லை. மருந்து கிடையாது, உரம் கிடையாது. சில வருடம் வெளிர் பச்சைப் புழு வந்து இலையைத் தின்னும். விட்டால் அது வெளிர் மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாகிப் பறந்துவிடும், மரம் மறுபடி துளிர்த்துக்கொள்ளும். 2018 சித்திரையில் முதன்முதலாகப் பூத்தது. இலையை ஏறக்குறைய முழுக்க உதிர்த்துவிட்டு, முழ நீளச் சரமாக மஞ்சள். அழகர் ஆற்றில் இறங்குகிற நாட்களை ஒட்டியே ஒவ்வொரு வருடமும் பூக்கிறது. 2020லும் 2021லும் கொரோனாவால் அழகர் வைகைக்கு வரவில்லை. அந்த இரண்டு சித்திரையிலும் தெருவில் ஆளில்லை, வாசல் முழுக்க மஞ்சள் பூ மட்டும் கிடந்தது. அம்மா நாற்காலியைப் போட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சரி, பூ மூன்று வாரம். மிச்சம் நாற்பத்தொன்பது வாரமும் காய்.

பூ மரம் என்று கொடுப்பவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. ஆனியில் பச்சைக் குச்சி மாதிரி இறங்கத் தொடங்கும். ஒன்றரை அடி, இரண்டடி நீளம், விரல் கனம். முற்றிக் கறுக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அடுத்த சித்திரையில் பூக்கும்போது போன வருடத்துக் காயும் கூடவே தொங்கும். உள்ளே தட்டுத் தட்டாக அறை பிரிந்து அறைக்கு ஒரு விதை, காய்ந்தால் கிலுகிலுப்பை. வண்டிக் கொட்டகையின் தகரத்துக்கு மேல்தான் அந்தக் கிளை. ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டக். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. கண் சொக்கும்போது டக் டக். நடுராத்திரியில் யாரோ கேட்டைத் தட்டுகிறார்கள் என்று முதல் வருடம் டார்ச்சை எடுத்துக்கொண்டு நாலு தடவை போயிருக்கிறேன். "கொன்றைதான், படுங்க" என்று சொல்லிவிட்டு மனைவி திரும்பிப் படுத்துக்கொள்வாள். அவள் தூங்குவது அதைவிட எரிச்சல். ஒரே தாளமாக அடித்தாலாவது பழகிக்கொள்ளலாம். இது அடுத்து எப்போது அடிக்கும் என்று காத்திருக்க வைக்கிறது. ஏழு ஆடி இப்படிப் போயிற்று.

காயால் பயன் இல்லை என்று சொல்ல முடியாது. தெருப் பையன்களுக்கு வாள். உள்ளே இருக்கும் கறுப்புச் சதை கொன்றைப்புளி, மலம் இளக்க நாட்டு மருந்தில் சேர்ப்பார்கள். ஒரு பெரியவர் வந்து ஒரு மஞ்சப்பை நிறைய வாங்கிப் போனார். மறுபடி வரவில்லை. நன்றாகவே வேலை செய்திருக்கும் போல.

ஆக மாப்ள, பழத்துக்காக வைத்தது பூத்துக் கொட்டுகிறது, பூவுக்காக வைத்தது காய்த்துக் கொட்டுகிறது. கணக்குப் பார்த்தால் கொன்றை ஒரு வருடம்கூட ஏமாற்றவில்லை, ஒரு ரூபாய் கேட்கவில்லை, எதிர்த்த வீட்டோடு சண்டை மூட்டவில்லை. மாமரம் மூன்றையும் செய்தது.

இருந்தாலும் நீ மாவையே வை. ராத்திரி சத்தம் போடாது. இமாம்பசந்த் வேண்டாம், வருடாவருடம் காய்க்கிற நீலம் வை. ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே நிற்கிற மாதிரி நடு. சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி வை, தோப்பில் முப்பதடி விடுவார்கள். சித்திரையில் என் வீட்டுக்கு வந்து பார்த்து முடிவு பண்ணாதே. ஆடியில் வந்து முன்அறையில் ஒரு ராத்திரி படுத்துப் பார்.

"கிளையை வெட்ட வேண்டியதுதானே" என்று உன் அக்கா உன்னிடம் சொல்லியிருப்பாள். மரம் வெட்டுகிறவர் எண்ணூறு ரூபாய் கேட்டார். பங்குனியில் வந்தார், மொட்டுச் சரம் தெரிகிறதே என்று நான்தான் அனுப்பிவிட்டேன். வைகாசியில் வந்தார், காக்கா கூடு. ஆடியில் ஏணியைச் சாத்திவிட்டார், அம்மா வெளியே வந்து "பூக்குற மரத்துல கை வைக்காதப்பா" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் டீக்காசு கொடுத்து அனுப்பினேன்.

போன வாரம் கொட்டகையைத்தான் பெயர்த்து இடது மூலைக்கு மாற்றினோம். பைப், தகரம், கூலி எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்து ஐந்நூறு. வண்டி இப்போது மாமரத்தடியில் நிற்கிறது. தையில் சீட்டைத் துடைக்க இப்போதே ஒரு பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருக்கிறேன்.