இரண்டு சாதாரண வன்தட்டுகள்: உப்புவெளியிலிருந்து ஒரு மதிப்பீடு

நான் வாங்கியது தோஷிபாவின் கான்வியோ பேசிக்ஸ், கணினிக்கு வெளியே செருகும் 2 டெராபைட் வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்). அதற்குத் துணையாக வெஸ்டர்ன் டிஜிட்டலின் எலிமென்ட்ஸ், அதுவும் 2 டெராபைட். இரண்டும் கறுப்பு, இரண்டும் சட்டைப் பைக்குள் அடங்கும், நாலு பேருக்குக் காட்டிப் பெருமைப்பட இரண்டிலும் எதுவும் இல்லை. அதனால்தான் வாங்கினேன். வருடத்தில் பெரும்பகுதி அலுமாரிக்குள் கிடக்கப்போகும் பொருளுக்கு அழகு எதற்கு?

திருகோணமலைக்கு அருகே கடற்கரையிலுள்ள உப்புவெளியில் வசிக்கும் நான், கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) எழுதுவினைஞனாக இருந்து ஓய்வுபெற்றவன். ஒரு கோவைக்கு ஒரு பிரதியாவது வேறிடத்தில் இருக்க வேண்டும் என்பது எனக்கு உத்தியோகம் கற்றுக்கொடுத்த பாடம் மட்டுமன்று, ஊர் கற்றுக்கொடுத்த பாடமும்கூட. இடம்பெயர்ந்து திரும்பியவர்களும், 2004 டிசம்பர் 26 அன்று கடல் வீட்டுக்குள் வந்துபோனவர்களும் பிறப்பத்தாட்சிப் பத்திரத்துக்கும் காணி உறுதிக்கும் பிரதி கேட்டு எங்கள் மேசைகளுக்கு முன்னால் நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே வீட்டிலுள்ள உறுதிகள், சான்றிதழ்கள், அம்மா காலத்துப் புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினேன். பேத்தியின் அரங்கேற்றக் காணொளியும் சேர்ந்தபோது மொத்தம் 600 ஜிபியைத் தாண்டிவிட்டது. அவ்வளவும் ஒரே மடிக்கணினிக்குள். அந்த மடிக்கணினிக்கும் வயதாகிவிட்டது.

மத்திய வீதிப் பக்கம் உள்ள ஒரு கணினிக் கடைக்குப் போனேன். கடைத் தம்பி முதலில் எடுத்து வைத்தது எஸ்எஸ்டி, அதாவது தட்டுக்குப் பதிலாகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் வகை. “ஐயா, இது விழுந்தாலும் உடையாது, வேகமும் பல மடங்கு” என்றார். பொய்யில்லை. உள்ளே சுழலும் தட்டு இல்லாததால் தட்டுப்பட்டாலும் தாங்கும். சாம்சுங் டி7 போன்றவை தகுந்த கணினியில் வினாடிக்கு 1,000 எம்பிக்கு மேல் வாசிக்கும். சுழலும் சிறு வன்தட்டு 120, 130 என்றுதான் ஓடும். ஆனால் எனக்கு வேகம் எதற்கு? முதல் பிரதி எடுக்கத்தான் நேரம் பிடிக்கும். இரவில் தொடங்கிவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் புதிதாகச் சேர்ந்ததை மட்டும் ஏற்றுவது தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஆகிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. எஸ்எஸ்டி தரவை மின்னேற்றமாகத்தான் சேமித்து வைக்கிறது. மின்சாரம் கொடுக்காமல் நெடுங்காலம் வைத்தால் அந்த ஏற்றம் மெதுவாகக் கசியும். வெப்பம் கூடினால் கசிவும் கூடும். வீட்டுப் பாவனைக்கான எஸ்எஸ்டி ஒன்று எழுதித் தேய்ந்த பிறகும், மின்சாரமின்றி 30 பாகை செல்சியஸில் ஒரு வருடம் தரவைக் காக்க வேண்டும் என்பதே அந்தத் துறையின் தர அளவுகோல். புதிய எஸ்எஸ்டி அதைவிடப் பல காலம் தாங்கும், பயப்படத் தேவையில்லை. ஆனாலும் திருகோணமலை வெயிலில், அலுமாரிக்குள் மாதக்கணக்கில் தூங்கப்போகும் பொருளுக்கு, ஒரு டெராபைட்டுக்குக் கூடுதல் விலை கொடுத்து அந்தச் சந்தேகத்தையும் வாங்க எனக்கு மனமில்லை. 2022 இல் ரூபாய் சரிந்த பிறகு இறக்குமதிப் பொருள் ஒவ்வொன்றின் விலையையும் யோசித்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

அடுத்து, மேசையில் நிறுத்தி வைக்கும் பெரிய வன்தட்டுகள். உள்ளே இருப்பது மூன்றரை அங்குலத் தட்டு. கொள்ளளவு கூட, ஒரு டெராபைட்டுக்கான விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் அவற்றுக்குச் சுவரிலிருந்து தனி மின்சாரம் வேண்டும். 2022 மார்ச் 31 அன்று நாடு முழுவதும் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு இருந்தது யாருக்கு மறக்கும்? அந்த அளவுக்கு இப்போது இல்லை என்றாலும், மழைக் காலத்தில் முன்னறிவிப்பில்லாமல் மின்சாரம் போய்வருவது உப்புவெளியில் புதினமில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் பாதி எழுதிய கோப்பு கெடும். சில வேளை கோப்பு அட்டவணையே குழம்பும். இரண்டரை அங்குல வன்தட்டு யூஎஸ்பி வடத்தின் வழியாகவே மின்சாரம் எடுக்கிறது. மடிக்கணினியில் மின்கலம் இருக்கும்வரை வீடு இருண்டாலும் அது தன் வேலையை முடித்துவிடும். எங்கள் ஊருக்கு இந்த ஒரு காரணமே போதும்.

கான்வியோவைப் பற்றிச் சொல்கிறேன். எடை ஏறத்தாழ 150 கிராம். மேற்புறம் மினுக்கமில்லாத பிளாஸ்டிக், கைரேகை ஒட்டாது. உள்ளே மென்பொருள் எதையும் திணித்து அனுப்பவில்லை. செருகியதும் விண்டோஸில் ஒரு வெற்று இயக்ககமாகத் தெரியும், அவ்வளவுதான். எலிமென்ட்ஸும் அப்படியே. 2 டெராபைட் என்று பெட்டியில் போட்டிருக்க, கணினியில் 1.81 என்று காட்டும். பக்கத்து வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டுக் கடைக்காரருடன் சண்டைக்குப் புறப்பட்டார். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. பைட் ஒன்றுகூடக் குறையவில்லை என்று விளக்கிய பிறகே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

கோப்புகளை ஏற்றும்போது வேகம் ஏறி இறங்குவதைப் பார்ப்பீர்கள். அரங்கேற்றக் காணொளி போன்ற பெரிய கோப்பு வினாடிக்கு 110 எம்பி என்று பாய்ந்தது; ஆயிரக்கணக்கான சிறு புகைப்படங்கள் வந்ததும் 30க்கும் கீழே இறங்கி நொண்டியது. இது பழுதன்று. ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக இடம் தேடிப் பதிய வேண்டும். அத்துடன் இந்த அளவுச் சிறு வன்தட்டுகள் பெரும்பாலும் எஸ்எம்ஆர் முறையில் எழுதுகின்றன: கூரையில் ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் விளிம்பின் மேல் அடுத்த தடம் படியும். இடம் மிச்சம், ஆனால் நடுவில் ஒரு தடத்தை மாற்ற வேண்டுமானால் அடுத்துள்ளவற்றையும் மீண்டும் எழுத வேண்டும். அன்றாடம் திறந்து திருத்தி வேலை செய்பவருக்கு இது எரிச்சல். ஒருமுறை எழுதி வைத்துவிடும் என் போன்றவருக்கு ஒரு பொருட்டில்லை.

வடம்தான் இந்த வகை வன்தட்டுகளின் பலவீனம். கம்பனியைக் குறை சொல்லவில்லை, பொருத்தியின் வடிவமே அப்படி. மைக்ரோ-பி என்பார்கள்: இரண்டு சிறு பொருத்திகளை ஒட்டவைத்தாற்போல் அகலமாக, மெல்லியதாக இருக்கும். வன்தட்டின் பக்கத்தில் அது உட்காரும் ஆழம் மிகக் குறைவு. வன்தட்டைக் கையில் தூக்கிப் பார்த்தாலோ, மடிக்கணினியைச் சற்று நகர்த்தினாலோ அது தளரும். தளர்ந்தால் இணைப்பு அறுந்து ‘டொங்’ என்ற ஓசை வரும். ஆகவே இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, வேலை முடியும்வரை தொடாமல் இருப்பது நல்லது. கடற்கரை வீடுகளில் பொருத்தியின் உலோகத்தில் சில மாதங்களில் வெண்மையாக ஒரு படலம் பூக்கும். உலர்ந்த தூரிகையால் துடைத்துவிட்டுச் செருகுகிறேன். மாற்று வடம் ஊரிலேயே கிடைக்கும். யூஎஸ்பி 3 வடம்தானா என்று பார்த்து வாங்குங்கள். மடிக்கணினியிலும் நீல நாக்கு உள்ள துளையில் செருக வேண்டும். பழைய யூஎஸ்பி 2 துளையில் வினாடிக்கு 40 எம்பியைத் தாண்டுவது அரிது. 600 ஜிபிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும், நீலத் துளையில் கடதாசிக் கணக்குப்படி ஒன்றரை.

கடையிலேயே ஒரு வேலை செய்தேன். பெட்டியை உடைத்ததும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து காட்டும்படி கேட்டேன். எத்தனை மணித்தியாலம் ஓடியது, தட்டில் பழுதாகி மாற்றிவைத்த பிரிவுகள் எத்தனை, வாசிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் பிரிவுகள் எத்தனை என்று அது சொல்லிவிடும். புதிய வன்தட்டில் மணித்தியாலக் கணக்கு பூச்சியத்தையொட்டி இருக்க வேண்டும், மற்ற இரண்டும் பூச்சியமாகவே இருக்க வேண்டும். தம்பி முகம் சுளிக்காமல் காட்டினார். அதனாலேயே இரண்டாவது வன்தட்டையும் அவரிடமே வாங்கினேன். இணையத்தில் 16 டெராபைட் என்று வாய் பிளக்கும் மலிவு விலையில் விற்கப்படுபவற்றை எட்டியும் பார்க்க வேண்டாம். என் மைத்துனர் ஒன்று தருவித்தார். உள்ளே இருந்தது ஒரு சிறு நினைவக அட்டை; கணினிக்குப் பொய் அளவைக் காட்டும்படி அதை மாற்றியிருந்தார்கள். இடம் நிறைந்த பிறகு ஏற்றியதெல்லாம் காற்றோடு போயிற்று. உண்மையான கொள்ளளவைச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளை ஓடவிட்டிருந்தால் அன்றே குட்டு உடைந்திருக்கும்.

ஏன் இரண்டு? 4 டெராபைட்டில் ஒன்று வாங்கும் காசுக்குச் சற்று மேலே போட்டால் 2 டெராபைட்டில் இரண்டு கிடைக்கும். ஒரு தட்டு எவ்வளவு பெரியதானாலும் ஒரு நாள் நிற்கும். நின்றால் முழுதாக நிற்கும். வேறு வேறு கம்பனியாகப் பார்த்து எடுத்ததும் காரணத்தோடுதான்: ஒரே தொகுதியில் வந்த இரண்டில் ஒரே குறை இருக்கலாம். கான்வியோ உப்புவெளி வீட்டில் இருக்கிறது. எலிமென்ட்ஸ் உவர்மலையில் தங்கச்சி வீட்டில். மேட்டு நிலம், கடல் எட்டாது. 2020 டிசம்பர் 2 அன்று புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய இரவில், “அண்ணா, உங்கள் பெட்டி பத்திரம், நீங்கள் முதலில் இங்கே வாருங்கள்” என்று தொலைபேசியில் சத்தம் போட்டாள். அப்போது அங்கே இருந்தது இதற்கு முந்திய பழைய வன்தட்டு. மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் இடம் மாற்றுகிறேன். அந்தச் சாக்கில் அவள் வைக்கும் கூழும் கிடைக்கிறது.

பிரதி எடுத்து முடிந்ததும் கழற்றிவிடுவது கட்டாயம். எந்நேரமும் செருகியே கிடக்கும் வன்தட்டு, கணினிக்கு வரும் கேடு எல்லாவற்றிலும் பங்கு கேட்கும். கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் நச்சு நிரல் புகுந்தால் அதையும் சேர்த்தே பூட்டும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரங்களில் விழும் மின்னலால் கணினி கெட்டால், செருகியிருக்கும் வன்தட்டுக்கும் அதே கதிதான். கழற்றியதை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வைக்கிறேன். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்தால் வியர்வை காயும்வரை பொறுத்துத்தான் செருகுவேன்.

கடவுச்சொல் பூட்டு உள்ள மாதிரிகளைத் தம்பி காட்டினார். வன்பொருளிலேயே மறைகுறியாக்கம் செய்பவை அவை. வேண்டாம் என்றேன். கடவுச்சொல் மறந்துபோனால் கம்பனியாலும் திறக்க முடியாது. எனக்குப் பின் பிள்ளைகள் திறக்க வேண்டிய பெட்டி இது. வங்கிப் பத்திரங்களை மட்டும் 7-ஜிப் என்ற மென்பொருளில் கடவுச்சொல்லுடன் சுருக்கி, கடவுச்சொல்லை மனைவியின் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

ரொறொன்ரோவில் உள்ள மகளிடம் இருப்பது ஆப்பிளின் மேக் கணினி. இரண்டு வன்தட்டுகளும் என்டிஎஃப்எஸ் என்ற, விண்டோஸுக்கான கோப்பு வடிவில் வந்தவை. மேக் அவற்றை வாசிக்கும், எழுதாது. அவள் வந்தபோது படங்களை ஏற்ற முடியாமல் புறுபுறுத்தாள். இரு வகைக் கணினியும் வீட்டில் புழங்கினால் தொடக்கத்திலேயே, இரண்டும் எழுதக்கூடிய எக்ஸ்ஃபாட் வடிவுக்கு மாற்றிவிடுங்கள், பிறகு மாற்றினால் உள்ளிருப்பது அழியும்.

திருமணப் படப்பிடிப்புக்காரர்களும் காணொளி தொகுப்பவர்களும் இவற்றை வாங்க வேண்டாம். அவர்களுக்கு எஸ்எஸ்டிதான் சரி. மற்ற வீடுகளுக்கு இவை தாராளமாகப் போதும். உத்தரவாதம் வன்தட்டுக்கு மட்டும்தான், உள்ளே இருப்பதற்கு இல்லை. பழுதானால் புதிய வெற்று வன்தட்டுதான் கைக்கு வரும். அதற்கும் பற்றுச்சீட்டு வேண்டும். வெப்பத்தாளில் அச்சடித்த சீட்டு எங்கள் சூட்டில் ஒரு வருடத்துக்குள் வெளுத்துவிடும் என்பதால், கடையை விட்டு இறங்குமுன் அதைக் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள்.