லூஸ் கேஜ் வாங்கலாமா? பினாங்குக் கடலில் நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகளின் இறுக்கத்தை அளக்கும் லூஸ் கேஜ் (PT-2 மாடல்), சில வருடங்களாக என் படகில் இருக்கிறது. வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: 5 அல்லது 6 மில்லிமீட்டர் கம்பி போட்ட படகு என்றால் தாராளமாக வாங்குங்கள்.

கம்பியைக் கையால் தள்ளிப் பார்த்து "போதும்" என்று சொல்வது ஆளுக்கு ஆள் மாறும். கேஜை மாட்டிவிட்டால் அது கம்பியிலேயே நிற்கும், கம்பியை இறுக்கும் டர்ன்பக்கிள் திருகை இரண்டு கையாலும் திருகலாம். முதலில் பாய்மரம் நடுவில் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அளவை நோட்டில் எழுதி வைத்தால், மரத்தை இறக்கி ஏற்றிய பிறகும் அதே நிலைக்கு வந்துவிடலாம். எனக்கு இதுதான் பெரிய பயன்.

கேஜ் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. 19 இழை முறுக்கிய கம்பி தளர்ந்திருக்கும்போது அதில் 2 மீட்டர் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த நீளம் 1 மில்லிமீட்டர் கூடினால் கம்பி அறுபடும் சுமையில் 5 சதவீதம் ஏறியிருக்கிறது என்று கணக்கு. பக்கக் கம்பிக்கு 15 சதவீதத்தில், அதாவது 3 மில்லிமீட்டரில் தொடங்கலாம்.

அப்புறம் கடலில்தான் சரிபார்க்க வேண்டும். படகு நன்றாகச் சாய்ந்து ஓடும்போது, காற்று வராத பக்கத்துக் கம்பி கொஞ்சம் தளரலாம், தொங்கி ஆடக் கூடாது. கூட வரும் தம்பி, "அண்ணே, மரத்தைப் பாருங்கண்ணே" என்பார். அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் மரம் பக்கவாட்டில் வளைந்திருப்பது உடனே தெரியும்.

பினாங்கின் தஞ்சோங் தோக்கோங் பக்கம் தென்மேற்குக் காற்றைத் தீவின் மலைகள் மறைத்துக்கொள்ளும். வருவதெல்லாம் மெல்லிய காற்று. அதற்கு, பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் பேக்ஸ்டே கம்பியைத் தளர்த்திவிடுவேன். முன்கம்பி லேசாகத் தொய்யும், அதில் கட்டிய ஜிப் என்ற முன்பாய் குழிந்து காற்றைப் பிடிக்கும். அந்த நேரத்தில் கேஜைவிடப் பாயின் இரண்டு பக்கமும் ஒட்டிய கம்பளி நூல்தான் உதவும். காற்று வரும் பக்கத்து நூல் படபடத்தால் ஷீட்டை, அதாவது பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, இழுங்கள், மறுபக்கத்து நூல் படபடத்தால் விடுங்கள். இரண்டும் படிந்து ஓடினால் பாய் சரி. மேற்கே சுமத்ரா புயல்காற்றின் கருமேகம் வரிசை கட்டினால் கதை வேறு. முதலில் மெயின் என்ற பெரிய பாயைச் சுருக்கிக் கட்டிவிட்டு, பேக்ஸ்டேயை இறுக்கி மிச்சமிருக்கும் பாயைத் தட்டையாக்குவோம்.

நம்ம ஊர் வெயிலும் உப்பும் எவர்சில்வர் கம்பியையும் விடாது. ஓட்டம் முடிந்ததும் கேஜையும் கம்பிகளையும் நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். கம்பி முனைக் குழாய்க்குள் நுழைகிற இடத்தில்தான் துரு ஒளிந்திருக்கும். அங்கே இழை அறுந்திருந்தாலும் கேஜ் சரியான அளவையே காட்டும். அதனால் அந்த இடத்தைத் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்க்கிறேன். ஒரே ஒரு இழை போயிருந்தாலும் கம்பியை மாற்றாமல் படகை எடுப்பதில்லை.